வீட்டில் மின்கார் சார்ஜர் மாட்டுவதற்கு முன்: எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரள, தமிழ்நாடு எல்லையில், கேரளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு அட்டைப்பெட்டி 2 மாதம் கிடந்தது. உள்ளே 7.2 கிலோவாட் சார்ஜர். கோயம்புத்தூரில் கார் எடுத்தபோது, "சார்ஜர், மாட்டுற கூலி எல்லாம் வெலைக்குள்ளயே வந்துருதுங்க சார்" என்றார்கள். மாட்ட வந்த பையன்கள் மீட்டர் போர்டை ஒரு தடவை பார்த்தார்கள், "சிங்கிள் ஃபேஸா?" என்று கேட்டார்கள், காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். என் மாமியார் அந்தப் பெட்டி மேல் வடகம் காயப்போட்டார்.

அந்த 2 மாதத்தில் நான் பட்டதை அப்படியே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். சித்தூர், வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். எல்லைக்கு அந்தப்புறம் இருப்பவர்கள் மின்வாரியம், பில் பகுதிகளைத் தள்ளிவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

1. முதலில் கிலோமீட்டரைக் கணக்குப் போடுங்கள்

எத்தனை கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்பதைக் காரின் பேட்டரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எல்லாரும் "பூஜ்யத்திலிருந்து நூறு ஏற எத்தனை மணி நேரம்?" என்றுதான் கேட்கிறார்கள். தினமும் பூஜ்யத்தில் யார் வீட்டுக்கு வருகிறார்கள்?

என் கணக்கு இது. வேலைக்குக் கோயம்புத்தூர் போய்வர 65 கிலோமீட்டர். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள், 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சார்ஜ் ஆகும்போது சூடாகிப் போவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 10 அல்லது 11 யூனிட் இழுக்கும். சாதாரண 16 ஆம்ப் பாயிண்டில் 3.3 கிலோவாட் கிடைத்தாலே மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வண்டியோ இரவு முழுக்கச் சும்மா நிற்கிறது.

ஆகவே தினமும் 100 கிலோமீட்டருக்குள் ஓட்டுபவருக்கு 7.2 கிலோவாட் பெட்டி தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். தினமும் 150க்கு மேல் ஓட்டுபவர், வீட்டில் 2 மின்கார் வைத்திருப்பவர், நடு ராத்திரி வந்து விடியுமுன் மறுபடி கிளம்புபவர், இவர்களுக்குத்தான் அது வேண்டும்.

2. காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு?

சுவரில் மாட்டுவது உண்மையில் சார்ஜரே இல்லை. அது பாதுகாப்போடு கரண்ட்டைக் கொடுக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட்டைப் பேட்டரிக்கு வேண்டிய டிசி கரண்ட்டாக மாற்றி ஏற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. சில கார்களில் அது 3.3 கிலோவாட், பலவற்றில் 7.2, சிலவற்றில் 11. காருக்குள் 3.3 என்றால் சுவரில் 22 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3 தான் ஏறும். போர்வெல் மோட்டார் எத்தனை குதிரைசக்தியாக இருந்தாலும் பைப் முக்கால் இஞ்ச் என்றால் முக்கால் இஞ்சுக்குத்தானே தண்ணீர் வரும்? ஒரே மாடலில் விலை குறைந்த ரகத்துக்கு 3.3, கூடின ரகத்துக்கு 7.2 என்றும் கொடுப்பதுண்டு. விற்பவர் வாயைக் கேட்காமல் காரின் கையேட்டைப் பாருங்கள்.

3. மின்கம்பத்தை அண்ணாந்து பாருங்கள், பில்லைத் திருப்பிப் பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். கேரளத்தில் வீட்டு இணைப்பின் மொத்த லோடு 5 கிலோவாட் வரைதான் சிங்கிள் ஃபேஸ். அதைத் தாண்டினால் த்ரீ ஃபேஸுக்கு மாற வேண்டும். 7.2 கிலோவாட் பெட்டி தனியாகவே 5ஐத் தாண்டிவிடுகிறது. இதைக் கார் விற்பவர் சொல்லமாட்டார், அவருக்குத் தெரிந்தும் இருக்காது.

கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) பில்லில் உங்கள் இணைப்பின் லோடு எத்தனை வாட் என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டுக்கு 1,580 வாட். 3.3 கிலோவாட் சார்ஜரைச் சேர்த்தால் 4,880. அதாவது, நான் அந்தப் பெட்டியை வாங்காமல் காரோடு வந்த, 16 ஆம்ப் பாயிண்டில் சொருகும் சின்ன சார்ஜரையே வைத்திருந்தால், லோடை மட்டும் கூட்டி எழுதிக்கொடுத்துவிட்டு சிங்கிள் ஃபேஸிலேயே இருந்திருக்கலாம். 120 வாட் மிச்சத்தில் தப்பியிருப்பேன்.

ஆனால் இதில் ஒரு பொறி. வீடு கட்டியபோது எழுதிய லோடுதான் பில்லில் இருக்கும். அதற்கப்புறம் வாங்கிய ஏசி, வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. அதையெல்லாம் நேர்மையாகக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

த்ரீ ஃபேஸ்தான் வேண்டும் என்றால் அடுத்த வேலை வாசலுக்கு வந்து கம்பத்தைப் பார்ப்பது. கம்பத்தில் 2 கம்பி மட்டும் போகிறது என்றால் அது சிங்கிள் ஃபேஸ் லைன். தெருவிளக்குக்கென்று தனியாக ஒரு கம்பி போனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 3 ஃபேஸ், ஒரு நியூட்ரல் என்று 4 கம்பி இருந்தால் உங்கள் செலவு குறைவு. இல்லையென்றால் லைன் இழுக்க எஸ்டிமேட் போடுவார்கள், தோட்டத்துக்குள் தள்ளியிருக்கும் வீடுகளுக்கு அதுவே சார்ஜர் விலையைத் தாண்டிவிடலாம். கறுப்பு உறை போட்டு முறுக்கிய கேபிள் என்றால் கீழிருந்து எண்ண முடியாது. லைன்மேனைக் கேட்டால் போதும்.

வோல்டேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தோட்டத்து மோட்டார்களும் ஓடும். நான் 3 நாள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: இரவு 7 மணிக்கு 192, 11 மணிக்கு 228, விடிகாலை 5 மணிக்கு 236. ஏழு மணிக்கு சார்ஜ் போட்டு, அது பாதியில் நிற்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவன் நான்.

4. எர்த்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மிக்சி, ஃபிரிட்ஜ் எல்லாம் எர்த் இல்லாமலும் ஓடும். அதனால் நம் வீடுகளில் எர்த் செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆனாலும் தெரியாது. மின்கார் சார்ஜர் அப்படி விடாது. எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பலர் இதைச் சார்ஜர் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். சின்ன சார்ஜரைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். அங்கே அது ஒழுங்காக வேலை செய்தது.

கடைசியில் உள்ளூர் வயர்மேன் அண்ணன் ஒருவர் வந்தார். பிளக் பாயிண்டில் மல்டிமீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது 18 காட்டியது. "தம்பி, கரண்ட் வர்ற வழி இருக்குதுங்க. எர்த்துக்குப் போற வழிதான் இல்லை" என்றார். வீட்டுக்குப் பின்னால் போய் எர்த் குழியைத் தேடினோம். அதன் மேல் துணி துவைக்கும் கல். கல்லைப் புரட்டித் தோண்டினால் கம்பி இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய பிளேட் துருப்பிடித்து முறுக்கு மாதிரி கையோடு உதிர்ந்தது.

ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். 18 என்றது 7க்கு இறங்கியது. சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அவர் படவில்லை. "நாளைக்கு மத்தியானம் பாருங்க" என்றார். மறுநாள் மத்தியானம் மறுபடி சிவப்பு. நம் பக்கம் மழை குறைவு, மாசி பங்குனியில் மண் காய்ந்து வெடிக்கும், எர்த் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட் மண்ணுக்குள் இறங்க இருக்கும் தடை, ஏறும். தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பது வைத்தியம் இல்லை.

புதுக் குழி போடுங்கள். சார்ஜர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், முடிந்தால் எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும் இடத்தில். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும், அல்லது கடையில் விற்கும் கெமிக்கல் எர்த்திங். போட்டு முடித்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். பல்பு எரியவிட்டுக் காட்டி "எர்த் சூப்பர்" என்பவரை நம்பாதீர்கள். நான் கொடுத்தது, குழி வெட்டிய கூலியோடு, 4,500 ரூபாய்.

5. வயரும் சுவிட்சும்

எர்த் சரியாகும் வரை நான் போர்ட்டிகோவில் இருந்த பழைய 16 ஆம்ப் பாயிண்டில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன், பச்சை வரும் நேரங்களில். ஒரு ராத்திரி 11 மணிக்கு பிளாஸ்டிக் தீயும் வாசனை. பிளக்கைத் தொட்டால் கை சுட்டது. பிடுங்கிப் பார்த்தபோது ஒரு பின் பழுப்பு நிறத்துக்குப் போயிருந்தது, சாக்கெட் ஓட்டை உருகி வாய் கோணியிருந்தது. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும் பாயிண்டில் 4 மணி நேரம் நிற்காமல் 15 ஆம்ப் ஓட்டினால் இதுதான் நடக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து சார்ஜ் போடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆகவே சின்ன சார்ஜரோ பெரிய பெட்டியோ, மெயினிலிருந்து தனி லைன் இழுங்கள். நடுவில் வேறு எதுவும் அதில் சேரக்கூடாது. இன்வெர்ட்டர் லைனில் தப்பித்தவறியும் கொடுக்காதீர்கள்.

16 ஆம்ப் பாயிண்ட் என்றால் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 20 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல சாக்கெட். 7.2 கிலோவாட் என்றால் 32 ஆம்ப் மணிக்கணக்கில் ஓடும், அதற்கு 6 ஸ்கொயர் எம்எம், 40 ஆம்ப் எம்சிபி. மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் 30 மீட்டர் என்றால் 6 ஸ்கொயர் எம்எம்மில் 6 வோல்ட் வயரிலேயே போய்விடும். ஏற்கனவே வோல்டேஜ் குறைவான இடமென்றால் 10 போடுங்கள். வயர் கடைக்காரர் "நாலே போதும்" என்பார். அவர் கடை எரியப்போவதில்லை.

ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்தும் சுவிட்ச், தனியாக வேண்டும், 30 மில்லி ஆம்ப். வீட்டு மெயினில் இருப்பதையே நம்பினால் சார்ஜரில் சின்னக் கசிவு வந்தாலும் வீடு முழுக்க இருட்டாகிவிடும். இன்னொரு விஷயம், இது எலக்ட்ரீஷியன்கள் பலருக்கே புதிது: காரிலிருந்து வரும் கசிவில் டிசியும் கலந்திருக்கலாம், அது சாதாரண ஈஎல்சிபியைக் குருடாக்கிவிடும். வாங்கும் சார்ஜர் பெட்டிக்குள் 6 மில்லி ஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியே 'ஏ டைப்' போதும். இல்லாவிட்டால் 'பி டைப்' வேண்டும், அது விலை அதிகம். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் 'ஏசி டைப்' இதற்கு ஆகாது.

இடிக்குப் பயந்தால், பயப்பட வேண்டும், ஒரு சர்ஜ் புரொடெக்டரும் போட்டுவிடுங்கள்.

6. காகிதம்

உங்கள் காரை உங்கள் வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்யத் தனி அனுமதி தேவையில்லை. மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலே அதைச் சொல்கிறது. லோடு கூடினால் அதைப் பதிவுசெய்வதும், ஃபேஸ் மாறினால் விண்ணப்பிப்பதும்தான் வேலை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக்கொடுத்தால் அது வீட்டு உபயோகம் ஆகாது.

செக்‌ஷன் ஆபீஸிலோ, கே.எஸ்.இ.பி. இணையத்தளத்திலோ விண்ணப்பிக்கலாம். கையில் வேண்டியவை:

பில்லில் உள்ள 13 இலக்க நுகர்வோர் எண்.
அடையாள அட்டை.
வீடு உங்களுடையது என்பதற்கான சான்று: நிகுதி (வரி) ரசீதோ பஞ்சாயத்து தரும் ஓனர்ஷிப் சர்டிபிகேட்டோ.
லைசென்ஸ் உள்ள வயர்மேன் கையெழுத்திட்ட டெஸ்ட் கம் கம்ப்ளீஷன் ரிப்போர்ட் (வயரிங்கை முடித்துச் சோதித்ததற்கான சான்று).

பார்க்க நாலே நாலுதான். நம் ஊர்ப் பொறிகள் அதற்குள்தான் இருக்கின்றன.

முதலாவது, இணைப்பு யார் பேரில்? எங்கள் வீட்டு இணைப்பு காலமான அப்பா பேரில். பில் மட்டும் தவணை தவறாமல் கட்டிவந்தோம், பேர் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. முதலில் அதை மாற்றினேன், அப்புறம்தான் மற்றது. கார் புக் செய்த அன்றே இதைத் தொடங்கியிருக்கலாம்.

இரண்டாவது, இனிஷியல். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு சர்டிபிகேட்டில் இனிஷியல் பேருக்கு முன்னால், இங்கத்திய ரசீதில் பேருக்குப் பின்னால், ஆதாரில் அப்பா பேரே முழுசாக. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, வயர்மேன். கோயம்புத்தூரிலிருந்து வருபவர் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். இங்கே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவருக்குக் கேரள லைசென்ஸிங் போர்டின் பெர்மிட் வேண்டும். வேலையை ஒருவர் செய்ய, கையெழுத்துக்கு இன்னொருவரைத் தேடினால், அவர் "நான் பார்க்காத வயரிங்குக்கு எப்படிப் போடுவேன்?" என்பார். நியாயம்தானே. முதலிலிருந்தே உள்ளூர்க்காரரை வையுங்கள்.

மலையாளம் பேச வரும், படிக்க வராது என்றால் என்னைப் போல வெட்கப்படாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண் எனக்குப் படிவத்தைப் படித்துச் சொன்னாள், நடுவில் என் எழுத்துப்பிழை ஒன்றையும் திருத்தினாள்.

கட்டணம், கூடுதல் டெபாசிட் இரண்டும் உண்டு. நாலு கம்பி லைன் வாசலிலேயே இருந்ததால் எனக்குச் சில ஆயிரங்களில் முடிந்தது. பேர் மாற்றத்தைச் சேர்க்காமல், விண்ணப்பம் கொடுத்து த்ரீ ஃபேஸ் மீட்டர் வந்து உட்கார 3 வாரம் ஆனது. சந்தேகம் என்றால் கே.எஸ்.இ.பி.யின் 1912க்கு அழைத்துக் கேளுங்கள்.

7. இப்போது பெட்டி வாங்கலாம்

இத்தனையும் முடிந்த பிறகு பெட்டி தேர்வு சுலபம். டைப் 2 கன் (காரில் சொருகும் முனை) உள்ளது. ஆம்ப் அளவைக் குறைத்து வைக்கும் வசதி உள்ளது. நேரம் குறித்து வைக்கும் வசதி காரிலேயே இருந்தால் பெட்டியில் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். கேபிள் 5 மீட்டருக்குக் குறையக்கூடாது. வெளியில் மாட்டுவதென்றால் தூசியும் தண்ணீரும் தாங்கும் தரம் ஐபி 54 அல்லது 65.

காரோடு சேர்த்துக் கொடுக்கும் இலவச மாட்டலில் "இத்தனை மீட்டர் வயர் வரை" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு, எம்சிபி, ஈஎல்சிபி, எர்த் அதில் சேர்த்தியா, எல்லை தாண்டி வருவார்களா என்று எழுதி வாங்குங்கள்.

8. மாட்டும் இடம், மாட்டும் நாள்

காரின் சார்ஜ் வாய் முன்னால் இருக்கிறதா, பின்பக்கம் சக்கரத்துக்கு மேலா? நீங்கள் வண்டியை எப்படி நிறுத்துவீர்கள்? ஒரு தடவை நிறுத்திப் பார்த்து சாக்பீஸால் சுவரில் குறி போடுங்கள். மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர் வேண்டாம், பாலக்காட்டு ஏப்ரலில் பெட்டி தானே சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலே தென்னை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் குறித்த இடம் சரியாகக் குலைக்கு நேர் கீழே.

த்ரீ ஃபேஸ் வந்தாலும் 7.2 பெட்டி ஒரே ஃபேஸில்தான் இழுக்கும். அந்த ஃபேஸில் ஏசியையும் மோட்டாரையும் வைக்காமல் மற்ற இரண்டுக்கும் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் ஆட்களை உடனே அனுப்பாதீர்கள். கார் பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும் நாளாகப் பார்த்து வரச்சொல்லி, முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு எம்சிபி, டிபி பாக்ஸ் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி), வயர் சேரும் இடம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் ஏதோ ஸ்க்ரூ இறுகவில்லை. ஈஎல்சிபியின் டெஸ்ட் பட்டனை அவர்கள் எதிரிலேயே அழுத்துங்கள்.

பெட்டியை விட்டுவிட்டு எனக்கு ஆனது: எர்த் 4,500, வயர் 3,800, எம்சிபி, ஈஎல்சிபி வகை 5,200, த்ரீ ஃபேஸுக்கு டிபி மாற்றியதும் கூலியும் 9,000. சின்ன சார்ஜரோடு இருந்திருந்தால் பாதிகூட ஆகியிருக்காது.

9. முதல் பில்

மாதம் 25 நாள் ஓட்டினால் என் காருக்கு மட்டும் 260 யூனிட் சொச்சம். ஏற்கனவே வீட்டுக்கு 180. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். 250ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை. 300, 350, 400, 500 என்று கட்டம் ஏற ஏற அந்த விலையும் ஏறும். என் 440 விழுந்த கட்டத்தில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். "ஒரு யூனிட் 4 ரூபாய்தானே" என்று கணக்குப் போட்டுக் கார் வாங்கியவர்களுக்கு இது சுருக்கென்று இருக்கும். பில் 2 மாதத்துக்கு ஒன்று என்பதால், அதில் 250க்குப் பதில் 500ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். த்ரீ ஃபேஸுக்கு நிலைக்கட்டணமும் கூடுதல். இருந்தாலும் பெட்ரோலுக்கு நான் கொடுத்ததோடு ஒப்பிட்டால் பாதிகூட வரவில்லை.

250க்கு மேல் போகும் வீடுகளுக்கு நேரத்தைப் பொறுத்தும் விலை மாறும்: மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல், காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, இரவு 10க்கு மேல் சாதாரண விலை. வேலையிலிருந்து வந்ததும் சொருகினாலும், சார்ஜ் தொடங்குவதை 10 மணிக்கு மேல் குறித்து வையுங்கள். அப்போதுதான் வோல்டேஜும் நன்றாக இருக்கும். பகலில் வண்டி வீட்டில் நிற்பவர்களுக்கு இன்னும் நல்லது.

நான் இப்போது அந்த 7.2 பெட்டியை 16 ஆம்ப்பில் குறைத்து வைத்துத்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். பத்தரைக்குத் தொடங்கி ரெண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. ஐப்பசி சாயங்காலங்களில் வாளையார் மலைப்பக்கம் மின்ன ஆரம்பித்தால் கன்னைக் காரிலிருந்து கழற்றி, எம்சிபியையும் இறக்கிவிட்டுத்தான் படுக்கிறேன். அந்த மாதங்களில் மட்டும் பேட்டரியில் எப்போதும் இன்னொரு நாள் ஓட்டத்துக்கு மிச்சம் வைத்திருங்கள்.